பின்னால் நடக்கிறவன்

அவளை அந்தத் தெருவே அண்ணி என்றுதான் கூப்பிட்டது. கொழுந்தன் கூப்பிட்டான், அது முறை. அவன் கூப்பிடுவதைக் கேட்டு எதிர்வீட்டுத் தையல்காரர் கூப்பிட்டார். அவர் அவளைவிட வயதில் மூத்தவர். வீடு மாற்ற லாரி கேட்டு வருகிறவர்கள் கூப்பிட்டார்கள். கடைசியில் கட்டிய புருஷனே, யாராவது தேதியை மாற்றித் தரச் சொன்னால், “எதுக்கும் அண்ணிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க” என்று கைகாட்டிவிட்டு நழுவ ஆரம்பித்தார்.

அதனால் அண்ணனும் தம்பியும் பேச்சை நிறுத்திக்கொண்டபோது, நடுவில் நின்று சேதி சொல்லும் வேலையும் அவள் தலையிலேயே விழுந்தது. ஒரே வீடு, ஒரே சமையலறை, ஒரே சாப்பாட்டு மேஜை. மேஜையின் இந்த ஓரத்தில் அவள் புருஷன் பெரியவர். அந்த ஓரத்தில் கொழுந்தன் சின்னவன். இரண்டு கையை நீட்டினால் தொட்டுவிடுகிற தூரம்தான்.

“அண்ணி, லாரி டயர்ல காத்து கம்மியா இருக்குன்னு சொல்லுங்க.”

“நேத்தே அடிச்சாச்சுன்னு சொல்லு.”

“எந்த டயர்ல அடிச்சாராம்? கேளுங்க.”

“நாலுலயும்தான். பின்ன, ஒரு டயருக்கு அடிச்சிட்டு மூணை நாளைக்கு வரச் சொல்லுவாங்களா?”

“எனக்கு இருக்கறது ஒரு வாய்,” என்பாள் அண்ணி. “ஒரு நேரத்துல ஒருத்தர் சண்டை போடுங்க.” சின்னவன் பெண்டாட்டி பேக்கரிக் கல்லாவில் வேலை பார்க்கிறவள், எதற்கும் சட்டென்று சிரித்துவிடும் சுபாவம். வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். சிரித்து முடித்ததும் அவளுக்கும் முகம் வாடிப்போகும். ஆறு மாதமாக இதே கூத்து.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு பீரோ. வீட்டுச் சாமான் ஏற்றி இறக்குகிற தொழிலில், கனமான பொருளை மாடியிலிருந்து இறக்கும்போது மேலே பிடிக்கிறவர் முன்னால் பார்த்து இறங்குவார். கீழே பிடிக்கிறவன் படிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பின்பக்கமாக இறங்க வேண்டும். அவனுக்குக் கால் வைக்கிற இடம் தெரியாது. மேலே இருப்பவர் ‘படி’ என்றால் காலைக் கீழே விடுவான். ‘தளம்’ என்றால் படி முடிந்தது, சமதரை. ‘நில்லு’ என்றால் மூச்சுகூட நின்றுவிடும். மீசை முளைக்காத வயதில் இந்தத் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து பின்னால் நடக்கிறவன் சின்னவன்தான். அண்ணன் குரலைக் கைப்பிடிபோலப் பிடித்துக்கொண்டு எத்தனையோ வீட்டு மாடிகளை முதுகாலேயே இறங்கியிருக்கிறான். ஒரு கண்ணாடி உடைந்ததில்லை, ஒரு நகம் பெயர்ந்ததில்லை.

அன்று காலையில் இரண்டு பேருக்கும் வாய்த்தகராறு. ஞாயிற்றுக்கிழமையாவது மனுஷன் ஓய்வாக இருக்க வேண்டாமா என்று சின்னவன் கேட்டான். ஓய்வு வேண்டுமென்றால் வேறு தொழில் பார் என்றார் பெரியவர். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்க வேலைக்குப் போனார்கள். மூன்றாம் மாடியிலிருந்து ஒரு மர பீரோ. கடைசித் திருப்பத்தில் இன்னும் ஒரு படி மிச்சம் இருக்கும்போது பெரியவர் “தளம்” என்றார். சின்னவன் நம்பிக் காலை வைத்தான். பீரோ அவன் காலில் வந்து உட்கார்ந்தது.

எலும்பு கூடிவிட்டது. கொஞ்சம் சாய்ந்து நடக்கிறான், அவ்வளவுதான். மனசுதான் கூடவில்லை. “கோவத்துல வேணும்னே சொன்னாரு அண்ணி,” என்றான் அவளிடம். “இத்தனை வருஷம் தப்பாத வாய், அன்னிக்கு மட்டும் எப்படித் தப்பும்?” பெரியவர் தினம் ஆஸ்பத்திரிக்குப் போனார். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்து வைத்தார். ஆனால் ஏன் அப்படிச் சொன்னார் என்று வாயைத் திறக்கவில்லை. தப்பாகிவிட்டது என்றுகூடச் சொல்லவில்லை. அண்ணிக்கு அவரைப் பிடித்து உலுக்கலாம்போல இருந்தது. உலுக்கியும் பார்த்தாள். கல்லுப்பிள்ளையார் கணக்காக உட்கார்ந்திருந்தார்.

இப்போது சின்னவனுக்கு வேறு ஊரில் ஒரு சேமிப்புக் கிடங்கில் வேலை கிடைத்துவிட்டது. வருகிற வாரம் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு போகிறான். ஊருக்கெல்லாம் வீடு மாற்றிக் கொடுத்த குடும்பம், தன் வீட்டையே இரண்டாக்கி ஏற்றப்போகிறது. கல்யாணமாகி அண்ணி அந்த வீட்டுக்குள் நுழைந்தபோது சின்னவன் பள்ளிக்கூடத்துப் பையன். பிள்ளை இல்லாத வீட்டில் பிள்ளையாக இருந்தவன் அவன்தான்.

“போறதுக்கு முன்னாடி ஒரு நாள் எல்லாரும் சேர்ந்து எங்கயாவது போயிட்டு வருவோம்,” என்றாள். “அந்தக் கடலோரப் பூங்கா போர்டை எத்தனை தடவை தாண்டியிருக்கோம்? ஊரான் சோபாவை ஏத்திக்கிட்டுத் தாண்டியிருக்கோம், ஊரான் கட்டிலை ஏத்திக்கிட்டுத் தாண்டியிருக்கோம். ஒரு நாள் நம்மள ஏத்திக்கிட்டுப் போகக்கூடாதா இந்த லாரி?”

இரண்டு பேரும் மாட்டேன் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. அண்ணி அதையே சரி என்று எடுத்துக்கொண்டாள்.

காலையில் அவள் சாப்பாடு கட்டிய அழகைப் பார்த்திருக்க வேண்டும். வாடிக்கைக்காரர்களின் கண்ணாடிப் பாத்திரங்களைக் கட்டிக்கட்டிக் கை பழகிப்போயிருந்ததால், தட்டு ஒவ்வொன்றையும் செய்தித்தாளில் சுற்றினாள். அவித்த முட்டைகளை ஒவ்வொன்றாகச் சுற்றினாள். ரொட்டி, வறுத்த உருளைக்கிழங்கு, ஆரஞ்சு, டீ பிளாஸ்க் எல்லாம் அட்டைப்பெட்டியில் போனது. பழக்கதோஷத்தில் பெட்டிமேல் ‘உடையும், மேல் பக்கம்’ என்று எழுதி அம்புக்குறியும் போட்டுவிட்டாள்.

“அக்கா, முட்டைக்கு அம்புக்குறியா?” என்று சின்னவன் பெண்டாட்டி விழுந்து விழுந்து சிரித்தாள்.

“சிரிக்காதடி. வந்து ஒரு பக்கம் புடி.”

லாரியைச் சின்னவன் ஓட்டினான். இடுப்பு வலி என்று சொல்லிப் பெரியவர் வண்டி ஓட்டுவதை விட்டு வெகுநாளாகிவிட்டது. முன்னால் மூன்று பேர் உட்கார இடமிருந்தது. நாலாவதாக நெருக்கிக்கொள்ளலாம் என்று அண்ணி சொல்லிப் பார்த்தாள், பெரியவர் கேட்கவில்லை. பின்னால் கயிறும் கம்பளியும் குவிந்து கிடந்த இடத்தில் ஏறி, யாரோ அனுப்பிவைத்த சாமான் மாதிரி உட்கார்ந்துகொண்டார்.

“அண்ணி, கம்பியைப் புடிச்சுக்கச் சொல்லுங்க. ரோடு மோசம்,” என்றான் சின்னவன், கண்ணாடியில் பின்னால் பார்த்தபடி. அக்கறை இல்லாதவன் அப்படிச் சொல்வானா? அண்ணி தலையை வெளியே நீட்டிக் கத்திச் சொன்னாள்.

பூங்கா என்றதும் பூச்செடியும் ஊஞ்சலும் இருக்கும் என்று அண்ணி நினைத்திருந்தாள். அங்கே இருந்தது சேறு. ஆறு வந்து கடலில் சேருகிற இடத்தில் கண்ணுக்கு எட்டியவரை சேறும் நாணலும், அதற்கப்பால் வெள்ளிக் கோடாகக் கடலும். சேற்றின் மேலேயே மரப்பலகை அடித்து நீளமாக ஒரு நடைபாதை போட்டிருந்தார்கள். அகலம் இரண்டு பேர் ஒட்டி நடக்கிற அளவுதான். ஒரு பக்கம் கைப்பிடிக் கயிறு, இன்னொரு பக்கம் ஒன்றுமில்லை. பாதையின் கடைசியில் பறவை பார்க்க ஒரு மரக்குடில்.

வாசலில் பச்சைச் சட்டை போட்ட காவலர் பெண் ஒருத்தி வரவேற்றாள். சின்னப் பெண், சிரித்த முகம். “மத்தியானத்துக்கு மேல கடல் ஏறும். தண்ணி பலகைக்குக் கீழ வரைக்கும் வந்துரும். அதுக்குள்ள பாத்துட்டு வந்துருங்க. சத்தம் மட்டும் கொஞ்சம் கம்மியா,” என்றாள்.

“அதுக்கு எங்க வீட்டு ஆளுங்களவிட்டா ஆள் கிடையாது,” என்றாள் அண்ணி.

மேகமூட்டமாக இருந்தது. சேற்றிலிருந்து உப்பும் அழுகிய இலையும் கலந்த வாடை வந்தது. முதலில் மூக்கைச் சுளிக்க வைத்து, கொஞ்ச நேரத்தில் பழகிப்போனது. பலகைக்குக் கீழே நகத்தளவு நண்டுகள் ஒற்றைக் கொடுக்கைத் தூக்கித் தூக்கி ஒன்றை ஒன்று மிரட்டிக்கொண்டிருந்தன. “பாரு, நம்ம வீட்டு ஆம்பளைங்க,” என்று அண்ணி காதோடு சொன்னாள். சின்னவன் பெண்டாட்டிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

நுழைவாயில் பக்கத்தில் இருந்த மேஜையில் பெட்டியைப் பிரித்துச் சாப்பிட்டார்கள். அங்கேயும் ஆளுக்கொரு ஓரம். பெரியவர் முட்டையைத் தடவித் தடவி உரித்தார். சின்னவன் சீக்கிரம் சாப்பிட்டு எழுந்து, காலுக்கு நல்லது என்று மேஜையைச் சுற்றி நடந்தான்.

“அங்க போனா வேலை எப்படி இருக்கும் தம்பி?” என்று அண்ணி கேட்டாள், கேட்காமல் இருக்க முடியாமல்.

“தள்ளுவண்டில வெச்சுத் தள்றதுதான் அண்ணி. மாடி இல்ல, படி இல்ல. யாரும் எதுவும் சொல்ல வேண்டாம், யாரையும் நம்பவும் வேண்டாம்.”

பெரியவர் கையில் இருந்த முட்டையை அப்படியே தட்டில் வைத்துவிட்டார். வந்ததே தப்போ என்று அப்போது அண்ணிக்குத் தோன்றியது.

சாப்பிட்டு முடிக்கும்போது மேகம் விலகி வெயில் பளீரென்று அடித்தது. ஈரச் சேறு முழுக்கக் கண்ணாடி பதித்தது மாதிரி கூசியது. பெண்கள் இருவரும் முதலில் குடிலுக்குப் போனார்கள். காவலர் பெண் அங்கே முக்காலியில் ஒரு பெரிய தொலைநோக்கியை வைத்து, தூரத்தில் நின்ற நாரைக் கூட்டத்தைக் காட்டினாள். சின்னவன் பெண்டாட்டி குதிக்காத குறையாகப் பார்த்தாள். அண்ணி பார்த்தாள், நாரையின் இமை மூடித் திறப்பதுகூடத் தெரிந்தது. அதற்குள் பாதைப் பக்கமிருந்து யாரோ காவலர் பெண்ணைக் கூப்பிட்டார்கள். உப்புக்காற்று படக்கூடாது என்று அவள் தொலைநோக்கியின் முன்வாயில் கறுப்பு மூடியை மாட்டிவிட்டு ஓடினாள். புருஷனை இழுத்து வருகிறேன் என்று சின்னவன் பெண்டாட்டியும் பின்னாலேயே போனாள்.

பெரியவர் உள்ளே வந்தார். வாசற்படியைக் காலால் துழாவிப் பார்த்துவிட்டு ஏறினார். நேராகத் தொலைநோக்கியிடம் போய்க் குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டார். மூடியைக் கழற்றச் சொல்ல அண்ணி வாயெடுத்தாள்.

“ஆகா,” என்றார் அவர்.

அண்ணி நின்றாள்.

“என்னங்க தெரியுது?”

“பறவைதான். வேறென்ன தெரியும்? நல்லா உசரமா நிக்குது.”

“ஒண்ணா?”

“ரெண்டு மூணு இருக்கும். ஒண்ணு மீன் புடிக்குது பாரு. அடேயப்பா!”

அண்ணிக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அந்த ‘அடேயப்பா’வில் அது நின்றுவிட்டது. சத்தமில்லாமல் கையை நீட்டி மூடியைக் கழற்றினாள்.

“இப்ப பாருங்க.”

“ம். அதேதான். அங்கயே நிக்குது.”

“நான் மூடியைக் கழட்டினேங்க.”

“என்ன மூடி?”

“இவ்ளோ நேரம் நீங்க பாத்தது மூடியை.”

பெரியவர் நிமிர்ந்தார். ஆனால் அவள் பக்கம் திரும்பவில்லை. டீயைக் கோப்பைக்கு வெளியே ஊற்றிவிட்டுக் கோப்பையைத் திட்டியது, பேப்பர் படிப்பதை விட்டுவிட்டு ‘அதுல என்ன இருக்கு’ என்று சலித்துக்கொண்டது, திடீரென்று முளைத்த இடுப்பு வலி, தரைத்தள வீடாகப் பார்த்து வேலை எடுத்தது, எல்லாம் ஒரே நொடியில் அண்ணிக்கு வரிசையாக வந்து நின்றன. வயதாகிறது, சிடுசிடுப்பு கூடுகிறது என்று நினைத்து விட்டிருந்தாள். கூடவே இருந்து என்ன லட்சணத்தில் பார்த்தோம் என்று தன்மேலேயே கோபம் வந்தது.

“எவ்ளோ நாளா?”

“எது?”

“என்கிட்ட நடிக்காதீங்க.”

பெரியவர் சுவரோரப் பலகையில் உட்கார்ந்தார். “ஒரேயடியா தெரியலன்னு இல்ல. நிழல்ல இருந்தா பரவாயில்ல. வெளிச்சம் நேரா வந்துச்சுன்னா பால் ஊத்தின மாதிரி ஆயிடுது. ஒரே வெள்ளை.”

“அந்த பீரோ அன்னிக்கு?”

“திருப்பத்துல ஒரு பெரிய ஜன்னல் இருந்துச்சு. வெயில் மூஞ்சில அடிச்சுது. படியும் தரையும் ஒண்ணாயிடுச்சு. முடிஞ்சுதுன்னு நெனச்சுச் சொல்லிட்டேன்.”

“அட பாவி மனுஷா! இதை அவன்கிட்ட சொல்றதுக்கு என்ன? வேணும்னே பண்ணீங்கன்னு நெனச்சுக்கிட்டு ஊரை விட்டே போறானே!”

“என்னன்னு சொல்லச் சொல்ற? கண்ணுல கோளாறு இருக்குன்னு தெரிஞ்சே அவனை இறக்கிட்டு வந்தேன்னு சொல்லவா? அதுக்கு முன்னாடியும் ரெண்டு மூணு வீட்டுல அப்படித்தான், குத்துமதிப்பா சொல்லித் தப்பிச்சேன். தெரிஞ்சே! கோவத்துல பண்ணாருன்னு நெனச்சா அவன் என்னைத் திட்டுவான், ஒரு நாள் ஆறும். இது தெரிஞ்சா என்னை மனுஷனாவே மதிக்க மாட்டான்.”

“டாக்டர்கிட்ட காட்டியிருந்தா? ஊர் பூரா புரை எடுத்துக்கிட்டு நல்லாத்தானே திரியறாங்க?”

“புரை இல்லன்னு சொல்லிட்டா? இனிமே ஒண்ணும் செய்ய முடியாதுன்னு சொல்லிட்டா?”

அண்ணிக்குப் புரிந்தது. இரண்டு ஆள் தூக்கும் இரும்புப்பெட்டியைத் தனியாக நகர்த்துகிற மனுஷன் பயந்துபோய் இருக்கிறார். ஆறு மாதத்துக்கும் மேலாக, அவளுக்குப் பக்கத்திலேயே படுத்துக்கொண்டு, தனியாகப் பயந்திருக்கிறார். அவளுக்குக் கண் நிறைந்தது. அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். காய்த்துப்போய் மரம் மாதிரி இருந்தது அந்தக் கை.

“அவன்கிட்ட நீ ஒண்ணும் சொல்லிராத,” என்றார்.

“சொல்ல மாட்டேன். இனிமே இந்த வீட்டுல யார் சொல்றதையும் யாருக்கும் சொல்றதா இல்ல. சொல்லணும்னா நீங்களே சொல்லுங்க, அவன் முகத்தைப் பாத்து.”

“அவன் முகம் எங்க தெரியுது எனக்கு,” என்றார் பெரியவர். இரண்டு பேருக்கும் அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது.

அப்போது வெளியே மரத்தோடு மரம் உரசுகிற சத்தம் கேட்டது. பெரியவர் தலையைத் தூக்கினார். “யாரோ பெஞ்சு தூக்கிட்டு வராங்க. கால் இடிக்குது.” சொல்லிக்கொண்டே எழுந்து வெளியே போனார்.

பூங்கா ஆட்கள் இருவர் குடில் வாசலில் போட ஒரு புது மரப்பெஞ்சைத் தூக்கி வந்திருந்தார்கள். நீளப் பெஞ்சு, நல்ல கனம். பாதை வளைகிற இடத்தில் அது குறுக்கே மாட்டிக்கொண்டு முன்னாலும் போகாமல் பின்னாலும் வராமல் நின்றது. கீழே கடல் ஏற ஆரம்பித்திருந்தது. நண்டுகளின் பொந்துகளெல்லாம் தண்ணீருக்குள் போய்விட்டன. தூக்கியவர்களில் ஒருவருக்கு உள்ளங்கை கிழிந்து ரத்தம். காவலர் பெண் அவருக்குக் கைக்குட்டை சுற்றிக்கொண்டிருந்தாள். பெஞ்சுக்கு அந்தப் பக்கம் சின்னவனும் அவன் பெண்டாட்டியும் நின்றார்கள்.

“அண்ணி!” என்று அங்கிருந்து கூப்பிட்டான் சின்னவன். “அதை நிமித்தினாத்தான் திரும்பும்னு சொல்லுங்க!”

“நிமித்தினா காத்து தள்ளும். சாய்ச்சாப் போதும்னு சொல்லு,” என்றார் இங்கிருந்து பெரியவர்.

அண்ணி கையைக் கட்டிக்கொண்டு கடலைப் பார்த்தாள்.

இரண்டு பேருக்கும் கை பரபரத்தது. ஊமைச் சண்டை ஒரு பக்கம் இருக்கட்டும், மாட்டிக்கொண்டு நிற்கிற சாமானைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பது அவர்களால் ஆகாது. அடிபட்டவர் விலகிக்கொள்ள, அந்த முனையைச் சின்னவன் பிடித்தான். “உங்க காலு!” என்று பெண்டாட்டி பதறினாள். “கையாலதான்டி தூக்கப்போறேன்,” என்றான். இந்த முனையில் இருந்தவரை விலகச் சொல்லிவிட்டுப் பெரியவர் பிடித்தார். ஒரே மூச்சில் தூக்கி, ஒரு சாய்ப்பு சாய்த்து, ஒரு திருகு திருகினார்கள். வளைவு தாண்டிவிட்டது. ஒரு பேச்சு இல்லை, ஒரு சைகை இல்லை. கைகளுக்கு எல்லாம் நினைவிருந்தது.

வளைவைத் தாண்டிய பிறகுதான் விஷயம் உறைத்தது. குடில் இருப்பது பெரியவருக்குப் பின்னால். பாதை முழுக்கப் பெஞ்சே அடைத்திருக்கிறது, இடம் மாற வழியில்லை. இன்றைக்குப் பின்னால் நடக்க வேண்டியவர் பெரியவர். வழி சொல்ல வேண்டியவன் சின்னவன்.

சின்னவன் அண்ணன் முகத்தைப் பார்த்தான். பிறகு அவருக்குப் பின்னால் நின்ற அண்ணியைப் பார்த்தான். “அண்ணி, திரும்பிப் பாத்துப் பாத்து நடக்கச் சொல்லுங்க.”

அண்ணி வாயைத் திறக்கவில்லை.

“அண்ணி! காதுல விழலையா?”

“அவ சொல்ல மாட்டா,” என்றார் பெரியவர். “நீயே சொல்லு.”

சின்னவன் உதட்டைக் கடித்தான். “திரும்பிப் பாத்து நட.”

“பாத்தா தெரியாதுடா.”

“என்ன தெரியாது?”

“எதுவும் தெரியாது. இந்த வெயில்ல உன் மூஞ்சிகூட எனக்கு வெள்ளையாத்தான் இருக்கு. அன்னிக்கும் இப்படித்தான் இருந்துச்சு.”

பலகைக்குக் கீழே தண்ணீர் சளசளத்தது. பெஞ்சு இரண்டு பேர் கையிலும் அந்தரத்தில் நின்றது.

“கண்ணா?” என்றான் சின்னவன். குரல் அவனுடையது மாதிரியே இல்லை.

“கண்ணுதான்.”

“அப்ப நீ வேணும்னே…”

“உன்னை வேணும்னே விழ வைப்பேனாடா நான்?”

“ஐயோ, இறக்கி வெச்சுட்டுப் பேசுங்களேன்!” என்று கத்தினாள் சின்னவன் பெண்டாட்டி.

“பாதி வழியில இறக்கறதா?” என்றார்கள் இரண்டு பேரும் ஒன்றாக.

சின்னவன் முகம் சிவந்தது. “முன்னாடியே தெரியுமா உனக்கு? கண்ணு சரியில்லன்னு?”

“தெரியும்.”

“தெரிஞ்சேவா என்னை இறக்கின?”

“தெரிஞ்சேதான்.”

“உன்னை இப்படியே தண்ணில தள்ளி விடணும்.”

“தள்ளு. பெஞ்சை வெச்சுட்டுத் தள்ளு. ஊரான் சாமான்.”

சின்னவன் அழ ஆரம்பித்துவிட்டான். இரண்டு கையிலும் பாரம், துடைத்துக்கொள்ளவும் வழியில்லை. “ஆறு மாசமா யோசிச்சேன்ணே. என்மேல இவ்ளோ வெறுப்பு வர நான் என்ன பண்ணேன்னு யோசிச்சு யோசிச்சு மண்டை காஞ்சுபோச்சு. கண்ணு தெரியலடான்னு ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா? கால் போனாப் போகுதுன்னு விட்டிருப்பேனே.”

“உன்மேல எனக்கு வெறுப்பா?” என்றார் பெரியவர். “தப்புடா. நான் பண்ணது பெரிய தப்பு. பயந்துட்டேன்.”

கிழிந்த கைக்காரர் மெதுவாகக் காவலர் பெண்ணிடம், “இந்தப் பெஞ்சு இன்னிக்குப் போய்ச் சேருமா?” என்று கேட்டார்.

சின்னவன் மூக்கை உறிஞ்சினான். தோளில் முகத்தைத் தேய்த்துக்கொண்டான். அண்ணனுக்குப் பின்னால் பாதையை ஒரு தடவை கடைசிவரை பார்த்தான். “நட,” என்றான். “எல்லாம் தளம். கயிறு உன் வலது பக்கம் இருக்கு. இடது பக்கம் போகாத.”

பெரியவர் ஒரு காலைப் பின்னால் வைத்தார். வாழ்நாள் முழுக்க அடுத்தவனைப் பின்னால் நடக்கவிட்ட மனுஷன் அவர். அது எப்படி இருக்கும் என்று அவருக்கு இன்றுதான் தெரிகிறது. இரண்டாவது அடி. மூன்றாவது.

“நல்லா வா. நான் இருக்கேன்ல. ஒரு பலகை எழும்பியிருக்கு, காலைத் தூக்கி வை. ஆங், அதேதான். தளம், தளம்…”

போகப்போகப் பெரியவரின் கால் பயம் தெளிந்து பதிந்தது. கண்ணை மூடிக்கொண்டுவிட்டார். பாதிக்கு மேல், சாதாரணமாக வீதியில் போகிறவர்போல நடந்தார். குடிலுக்கு முன்னால் சின்னவன், “நில்லு. படி, மேல ஒண்ணு,” என்றான். அவர் ஏறினார். பெஞ்சு தரையில் உட்கார்ந்தது.

இரண்டு பேரும் இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கினார்கள்.

“நாளைக்குக் கண் ஆஸ்பத்திரி,” என்றான் சின்னவன். “நான் கூட்டிட்டுப் போறேன்.”

“நீ ஊருக்குப் போகணுமே.”

“கிடங்கு எங்கயும் ஓடிப்போகாது. முதல்ல உன் கண்ணு. டாக்டர் என்ன சொன்னாலும் சரி. அதுவரைக்கும் நீ பின்னாடி நட, நான் முன்னாடி. எனக்கும் கால் இப்படி இருக்கறதால பின்னாடி நடக்கறது கஷ்டம்தான்.”

“நான் பின்னாடியா?”

“ஏன், கண்ணை மூடிக்கிட்டே நடந்தியே இப்ப!”

பெரியவர் பெஞ்சைத் தடவிப் பார்த்து, “இது கோணலா நிக்குது. திருப்பிப் போடு. சாயங்கால வெயில் மூஞ்சில அடிக்கும்,” என்றார்.

“கடலைப் பாக்கத்தானே பெஞ்சு? முதுகைக் காட்டிக்கிட்டு உக்காரவா இவ்ளோ தூரம் வராங்க?”

“நான் சொல்றதைக் கேளுடா. எனக்கு வயசு என்ன, உனக்கு வயசு என்ன?”

“உனக்குத்தான் கண்ணே தெரியலயே, நீ ஏன் வெயிலைப் பத்திக் கவலைப்படற?”

“கண்ணு தெரியாட்டி மூளையும் போச்சா?”

குரல் ஏறிக்கொண்டே போனது. ஆளுக்கொரு முனையைப் பிடித்து ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். சேற்றில் நின்ற நாரைகள் மொத்தமாகக் கிளம்பி வானத்தில் ஒரு வட்டம் போட்டன. காவலர் பெண் ஓடிவந்து அண்ணியின் தோளைத் தொட்டாள்.

“அக்கா, பறவையெல்லாம் கலையுது. கொஞ்சம் மெதுவாப் பேசச் சொல்லுங்களேன் அவங்க ரெண்டு பேர்கிட்டயும்.”

“இன்னிக்கு ஒரு நாள் பொறுத்துக்கம்மா,” என்றாள் அண்ணி. “நான் எதையும் சொல்லப்போறதில்ல.” சொல்லிவிட்டு, அவர்கள் இழுத்துக்கொண்டிருந்த பெஞ்சின் நடுவில் போய் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.